பெயரும் விசையும்: ஊவாத் தோட்டப்புற வரலாற்றினூடே ஒரு நோக்கு

ஒரு கருவியை வாங்குபவர் அதன் புறத்தோற்றத்தைக் கண்டே பெரும்பாலும் வாங்குகின்றார். அதன் உள்ளமைப்பு எத்தகையது என்பது வாங்கிய பின்னரே அவர் கைக்குத் தெரியவருகின்றது. 1980களில் ஆக்கப்பட்ட கணினி விசைப்பலகைகள் இன்று பழம்பொருள்களாக விலைபோகின்றன. அவற்றை நாடுவோரிடையே அடிக்கடி நிகழும் ஏமாற்றம் ஒன்றுண்டு. படத்திற் கண்ட பலகையே வந்துசேரும். எழுத்துகள் யாவும் அழியாதிருக்கும். ஆயின் விசைகளின் அடியிலுள்ள ஆளிகள் வாங்கியவர் விரும்பிய இனத்தைச் சேர்ந்தவையாக இரா. பலகை பிழையன்று, வாங்கியவரின் கணக்கே பிழை.

இது செல்வர் சிலரின் பொழுதுபோக்குப் பற்றிய சிறுசெய்தியெனத் தோன்றலாம். எனினும், இச்சிறு பிழையினுள் வரலாற்று மாணவர் கருதத்தக்க வினாவொன்று அடங்கியுள்ளது. விசைப்பலகை ஒன்றைச் சார்ந்து மூவர் உளர். அதனை வாங்குபவர் ஒருவர். அதன்முன் அமர்ந்து தட்டுபவர் ஒருவர். எவரது பெயரும் செய்தியும் தட்டப்படுகின்றனவோ அவர் மூன்றாமவர். பழம்பொருள் சேர்ப்பவரிடத்து இம்மூவரும் ஒருவரே. ஆகவே பிழையின் விலையை அவரே செலுத்துகின்றார். அலுவலகத்திலோ மூவரும் வெவ்வேறானவர். வாங்கியவர் பிழையை அறியார். தட்டுபவர் அதற்குப் பழகிக்கொள்வார். விலையை மூன்றாமவரே செலுத்துவார். இம்மூன்றாமவரின் நிலையினைப் பதுளை மாவட்டத்தையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டப்புறத்தையும் களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆளியின் இனங்கள்

விசை அழுத்தப்பட்டதை மின்முறையாக உணர்த்துவது ஆளியின் தொழில். அதனைச் செய்யும் வழிகள் பல. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனுடன் வந்த பலகையில், ஒவ்வொரு விசையின் அடியிலும் சுருள்வில் ஒன்று இருந்தது. விசை ஓரளவு இறங்கியதும் அவ்வில் சட்டென வளைந்து மடியும், ஓசை எழும், எழுத்து பதிவாயிற்று என்பதை விரல் உணரும். 1980களின் நடுப்பகுதியில் வந்த, எம் என்னும் எழுத்தாற் குறிக்கப்பெறும் மாதிரியிலும் இவ்வில் நிலைத்தது. ஆனால் அதே மாதிரியின் பெயரில், ஓசை வேண்டாத இடங்களுக்கென இறப்பர்க் குமிழ் கொண்ட பலகைகளும் ஆக்கப்பட்டன. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. தொடுகையில் உறவே இல்லாதவை.

ஜேர்மனியின் செரி நிறுவனத்தாரும் யப்பானின் அல்ப்ஸ் நிறுவனத்தாரும் 1980களில் ஆக்கிய ஆளிகளிடையேயும் இத்தகைய வேறுபாடு உண்டு. முன்னதன் தண்டு கூட்டற்குறி வடிவினது. பின்னது நீள்சதுரப் பொருத்துடையது. ஒன்றன் விசைமூடி மற்றொன்றிற் பொருந்தாது. செரி ஆளிகளுள்ளும் கறுப்புத் தண்டுடையது தடையின்றி இறங்கும். நீலத் தண்டுடையது இடையில் ஓசை எழுப்பும். விசைமூடியைக் கழற்றினாலன்றி இவற்றைக் கண்ணால் அறிதல் அரிது.

ஆளியிலும் ஆழமான வேறுபாடொன்று உண்டு. 1984இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது அடுத்த கணினியை வெளியிட்டபோது, விசைப்பலகையின் வட்டச் செருகியும் அதன் ஐந்து முனைகளும் முன்போலவே இருந்தன. ஆயினும் பலகையும் கணினியும் தமக்குள் பேசிக்கொள்ளும் குறியீட்டு முறை மாற்றப்பட்டுவிட்டது. பழைய பலகையைப் புதிய கணினியிற் செருகலாம்; தட்டலாம்; பயன் இராது. இதனாலேயே பின்னர் வந்த பலகைகள் சிலவற்றின் அடிப்புறத்தில், இரு முறைகளுள் ஒன்றைத் தெரிவதற்கான சிறு ஆளி ஒன்று வைக்கப்பட்டது.

இவற்றால், விசைப்பலகைக்கு மூன்று அடுக்குகள் உண்டு எனலாம். மூடிமேற் பொறித்த எழுத்து அதன் முகம். அடியிலுள்ள பொறிமுறை அதன் உடல். அது இயந்திரத்துடன் பேசும் குறியீடு அதன் மொழி. முகம் காண்பதற்கு எளிது. உடல் தொட்டாற் புலப்படும். மொழியோ பயன்படுத்திய பின்னரே தெரியும். பழைய பலகையை வாங்குவோரின் ஏமாற்றம் பெரும்பாலும் முகத்தைக் கண்டு உடலையும் மொழியையும் துணிந்துவிடுவதால் விளைவது. தமிழ் விசைப்பலகையின் வரலாற்றிலும் இத்துணிவு மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது.

தட்டச்சுப்பொறியிலே தமிழ்

கணினி விசைப்பலகையின் முன்னோடி தட்டச்சுப்பொறியாகும். அமெரிக்கரான கிறித்தோபர் சோல்ஸ் முதலியோர் அமைத்த பொறியை, துப்பாக்கியும் தையற்பொறியும் ஆக்கிவந்த ரெமிங்டன் நிறுவனத்தார் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இருபத்தாறு எழுத்துடைய ஆங்கிலத்திற்கு அப்பொறி இயல்பாகப் பொருந்தியது. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. விசைகளோ ஐம்பதிலும் குறைவு. மேல்விசை சேர்த்து எண்ணினும் நூற்றை எட்டாது.

இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டவருள் முதன்மையானவர் இராமலிங்கம் முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த இவர், 1907இல் மலாயா நோக்கிச் சென்றார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கற்ற இளைஞர் பலர் மலாயாவின் இரயில்வேப் பகுதியிலும் வணிக நிறுவனங்களிலும் எழுதுவினைஞராகச் சேர்வது வழக்கமாயிருந்தது. முத்தையாவும் அவ்வழியே சென்று, எழுதுவினைஞராகப் பணிபுரிந்துகொண்டே தமிழ்ப் பொறியைப் பற்றிச் சிந்தித்தார். 247 எழுத்துகளையும் தனித்தனி வடிவங்களாகக் கொள்ளாது, அவற்றை உறுப்புகளாகப் பிரித்து, சில உறுப்புகள் பல எழுத்துகளுக்குப் பொதுவாதலைக் கண்டமை அவரது திறன். அவர் அமைத்த விசைப்பலகையைக் கொண்டு ஜேர்மனியின் திரெசுடன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தார் பொறிகளை ஆக்கினர். அந்நிறுவனத்தின் கைப்பொறி 'பிஜூ' என்னும் பெயரிலே தமிழ் எழுத்துகளுடன் வெளிவந்தது.

அப்பொறியின் நுட்பம் நகரா விசையிலே தங்கியிருந்தது. வழக்கமான விசையைத் தட்டினால் எழுத்துப் பதிந்து தாள் ஓரிடம் நகரும். நகரா விசையைத் தட்டினாற் குறி பதியும், தாள் நகராது. எனவே 'க்' என எழுத வேண்டின், முதலிற் புள்ளியைத் தட்டிவிட்டு அதன்பின் ககரத்தைத் தட்டவேண்டும். கையால் எழுதுவோர் எழுத்தை எழுதிப் புள்ளியிடுவர். பொறியால் எழுதுவோர் புள்ளியிட்டு எழுத்தை எழுதுவர். எழுத்தொழுங்கை இவ்வாறு தலைகீழாக்கியது மொழியன்று. பொறியின் உடல் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முத்தையா தாமே எழுதுவினைஞர், தமிழ் எழுதுவோர், பொறியின் தேவையை உணர்ந்தோர். மேற்கூறிய மூவருள் இருவர் அவரிடத்தே ஒன்றாயினர். அவர் ஆக்கம் பயன்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. இதற்கு நேர்மாறான நிலையை ஊவாவின் மலைகளிற் காணலாம்.

பேர் என்னும் சொல்

ஊவா, 1886இல் தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு முன்னரே அம்மலைகளிற் கோப்பிச் செய்கை பரவியிருந்தது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் மடுல்சீமைப் பகுதியிலேயே காணப்பட்டது. கோப்பி அழியத் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். டம்பதன்னைத் தொழிற்சாலை அவர் காலத்தது. 1890களில் அப்புத்தளையையும் பண்டாரவளையையும் எட்டிய புகையிரதப் பாதை 1924இற் பதுளையை அடைந்தது. அப்புத்தளை, பண்டாரவளை, அல்துமுல்லை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஆலிஎலை எனப் பரந்த இத்தோட்டங்களில் உழைத்தோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர்.

இவர்களது வரலாறு ஒரு பகுதி பதிவேடுகளின் வரலாறாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த தொழிலாளருக்குத் தகரத்துண்டு ஒன்று வழங்கும் முறை புகுத்தப்பட்டது. செல்லவேண்டிய தோட்டத்தை இனங்காட்டும் குறியும் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. வழிநெடுக அவரை அடையாளங் காட்டியது பெயரன்று, அத்தகரமே. தோட்டத்தை அடைந்ததும் பெயர் செக்றோல் எனப்படும் பதிவேட்டில் ஏறியது. விடியலிற் பிரட்டுக்களத்திற் கூடி வேலைக்குச் சென்றவருக்கு அன்றைய நாள் அப்பேரேட்டிற் குறிக்கப்படும்.

தோட்டப்புறத் தமிழ் வழக்கில் இதற்கு வழங்கும் சொல் 'பேர்' என்பதாகும். ஒரு நாள் வேலையும் அதற்குரிய கூலியும் ஒரு பேர். நிறைவுறாத வேலைக்கு அரைப்பேர். 'இன்றைக்குப் பேர் விழுந்ததா?' என்பது 'இன்றைய கூலி கிடைத்ததா?' என்பதன் பொருளது. ஒரு மனிதரின் பெயரும் அவருடைய நாளாந்த உணவும் ஒரே சொல்லால் வழங்குவது வெறும் சொல்விளையாட்டன்று. பதிவேட்டில் எழுதப்படுவதே வாழ்வாதாரம் என்னும் மெய்ம்மை அம்மக்களின் நாவிலே தங்கிய வகை இது.

ஆயின் அப்பேரேட்டின் மொழி யாது? தோட்ட அலுவலகத்தின் மொழி ஆங்கிலம். துரை ஆங்கிலேயர், கிளாக்கர் ஆங்கிலங் கற்றவர், தட்டச்சுப்பொறி இருந்த இடங்களில் அதுவும் ஆங்கிலப் பொறியே. தமிழறிந்த கணக்கப்பிள்ளை வாய்மொழியாகக் கூறிய பெயர், அலுவலகத்தில் ஆங்கில வரிவடிவம் பெற்றது. கந்தசாமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் கே எழுத்திலும் தொடங்கலாம், சீ எழுத்திலும் தொடங்கலாம். இடையிலுள்ள தகரத்தை டீ எழுத்தாலும் காட்டலாம், டீ-எச் இரண்டாலும் காட்டலாம். பழனி என்பதன் ழகரத்துக்கு அங்கே இடமேயில்லை. ஒரே மனிதர் ஒரு பதிவேட்டில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் தோன்றுவது இவ்வாறு இயல்பாயிற்று. தோட்டத்தினுள்ளே இதனாற் பெருங்கேடு விளையவில்லை. ஏனெனில் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஆளைத் தெரியும். ஆளைத் தெரியாதவர் தாளைமட்டும் கண்டு தீர்ப்புக் கூறும் நாள் வந்தபோதே கேடு தொடங்கிற்று.

அந்நாள் 1948இல் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர் நாடற்றோராயினர். 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், பிரசாவுரிமை கோருவோர் தம் தொடர்ச்சியான வதிவை நிறுவவேண்டும் என விதித்தது. மணமானோர் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முற்பட்ட ஏழாண்டுகளையும், மணமாகாதோர் பத்தாண்டுகளையும் காட்டவேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும் இறுதிநாள் 1951 ஓகஸ்ட் 5. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பதிவு பெற்றனர்.

நிராகரிப்புக்கான காரணங்கள் பல. அடிப்படைக் காரணம் அரசியலே. அவை அனைத்தையும் எழுத்துப்பிழையின்மேல் ஏற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும், ஓர் உண்மையை மறுத்தற்கில்லை. பத்தாண்டுக் கால வாழ்வை நிறுவத் தொழிலாளரிடம் இருந்தவை பிறர் எழுதிய தாள்களே. அவர் தாமாக எழுதிய ஒன்றும் அங்குச் சான்றாகவில்லை. அத்தாள்களில் ஓரெழுத்து மாறினும் ஒருவர் இருவராவார். இருவராயின் ஒருவருக்கும் பத்தாண்டு நிறைவுறாது. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானிக்கப்பட்டபோதும், குடும்பங்கள் மீண்டும் தாள்களைக் கொண்டே பிரிக்கப்பட்டன. நாடற்ற நிலை முற்றாக நீங்குவதற்கு 1988இன் 39ஆம் இலக்கச் சட்டத்தையும், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் மாறியது, பொறி மாறவில்லை

1956இன் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தைத் தனி அரசகரும மொழியாக்கியது. இதன் விளைவாக அலுவலகங்களில் ஆங்கிலப் பொறியின் இடத்தைச் சிங்களப் பொறி பெறத்தொடங்கிற்று. 1960களில் உருவான விஜேசேகர அமைப்பு சிங்கள விசைப்பலகைக்கு ஒரு சீரைத் தந்தது. பின்னர் கணினி வந்தபோது அதே அமைப்பே தேசிய நியமத்துக்கு அடிப்படையாயிற்று. அரசின் வாங்குவலு பின்னிருந்தமையால், தட்டச்சிலிருந்து கணினிக்கு மாறிய சிங்கள எழுதுவினைஞர் தம் விரற்பழக்கத்தை இழக்கவில்லை.

தமிழுக்கு 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும் 1966இன் பிரமாணங்களும் ஓரளவு இடமளித்தன. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் எனக் கூறிற்று. 1988இன் பதினாறாவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பகுதியில் வாழும் ஒருவரும் அலுவலகத்துடன் தமிழிலே தொடர்புகொள்ளவும், பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிற் பெறவும் உரித்தளித்தது. 1999 நவம்பரில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலாளர் பிரிவுகளை இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்தது. ஊவாத் தோட்டப்புறத் தமிழர் தம் மொழியில் அரசுடன் பேசுவதற்குரிய சட்டவழி இவ்வாறு திறந்தது.

எனினும் வர்த்தமானி, பொறியன்று. இருமொழிப் பிரிவு எனப் பெயர் பெற்ற அலுவலகத்திற் சிங்கள விசைப்பலகையும் அதிற் பயின்ற எழுதுவினைஞரும் மட்டுமே இருப்பின், பெயர்ப்பலகை மாறியதன்றி வேறொன்றும் மாறவில்லை. 1984இன் கணினிச் செருகியை இங்கு நினைவுகூர்தல் தகும். துளை பொருந்தியது, முனைகள் ஐந்தும் பொருந்தின, உள்ளே செல்லும் மொழிமட்டும் பொருந்தவில்லை.

இதன் விளைவை ஒரு பெயரைக் கொண்டே காணலாம். பழனி என்னும் பெயர் சிங்களத்தில் எழுதப்படும்போது, ழகரத்துக்குரிய தனியெழுத்து அங்கில்லாமையால் லகர அல்லது ளகர ஒலியுடைய எழுத்தால் எழுதப்படும். அப்பத்திரத்திலிருந்து பின்னொருநாள் தமிழுக்கு மீளப் பெயர்ப்பவர் 'பலனி' எனவோ 'பளனி' எனவோ எழுதுவார். ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தமிழில் ஓரெழுத்து. சிங்களத்தில் வெவ்வேறு எழுத்துகள். நகர னகரங்களோ அங்கு ஓரெழுத்தாய் ஒன்றும். சிங்களத்தின்மேற் குற்றங்காண இதில் ஒன்றுமில்லை. எம்மொழியின் எழுத்தும் அம்மொழியின் ஒலிக்கென அமைந்தது. ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழியின் விசையால் எழுதி, அதுவே மூலம் எனக் கொள்வதுதான் குறை.

வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே தேசிய அடையாள அட்டை நெடுங்காலம் சிங்களத்திலேயே வழங்கப்பட்டது. 2014 முதற்கொண்டே நாடெங்கும் தமிழும் அதில் இடம்பெற்றது. 2017 ஒக்ரோபரில் வந்த புதிய அட்டை மும்மொழி விவரங்களைக் கொண்டது. பிறப்புச் சான்றிதழில் ஒருவகை, பாடசாலைப் பதிவில் ஒருவகை, அடையாள அட்டையில் ஒருவகை எனப் பெயர் வேறுபடும் நிலை பாடசாலைப் பரீட்சைக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் வங்கிக்கும் செல்லும் ஒவ்வொரு தடவையும் மேற்கிளம்பும். அதனைத் திருத்த ஒரு வேலைநாளிலேயே அலுவலகம் செல்லவேண்டும். மடுல்சீமையிலோ பூனாகலையிலோ நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு அதன் பொருள் தெளிவானது: ஒரு பெயரைத் திருத்துவதற்கு ஒரு பேரை இழக்கவேண்டும்.

கணினியும் மூன்று விசைப்பலகைகளும்

கணினி வந்தபோது இச்சிக்கல் தீர்ந்திருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. கணினியிலே விசை நேரடியாக எழுத்தை அச்சிடுவதில்லை. ஒரு குறியீட்டை அனுப்புகின்றது. அக்குறியீடு எவ்வெழுத்தாக வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கின்றது. ஆகவே ஒரே பலகையில் எத்தனை மொழியையும் எழுதலாம். ஆயின், இச்சுதந்திரமே புதிய குழப்பத்துக்கும் வழிவகுத்தது.

இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்றது பாமினி எழுத்துரு. தட்டச்சுப்பொறியின் மரபைத் தழுவி, இடக்கையின் விரல்கள் தங்கும் நடுவரிசையில் ய, ள, ன, க, ப என்பவற்றை அது கொண்டுள்ளது. பொறியிற் பயின்றோர் இதனை எளிதில் ஏற்றனர். எனினும் அவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பொறியில் முன்னே தட்டிய புள்ளியைக் கணினியிற் பின்னே தட்டவேண்டும். முகம் ஒன்றே; உடல் வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

இதனிலும் பெரிய வேறுபாடு குறியீட்டில் இருந்தது. பாமினி முறையில் 'தமிழ்' என எழுத ஆங்கிலப் பலகையின் ஜே, கே, பி, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் தட்டவேண்டும். திரையில் 'தமிழ்' தோன்றும். கணினியின் நினைவிலோ அந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமே இருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் அக்கோவையைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே காணப்படும். ஓர் அலுவலகத்திற் சரியாகத் தோன்றிய பெயர் அடுத்த அலுவலகத்திற் பெயராகவே இராது. பெயர்களை அகர வரிசைப்படுத்தலும் தேடிக் கண்டுபிடித்தலும் இத்தகைய கோவைகளில் இடர்ப்பட்டன.

1991இல் வெளியான ஒருங்குறி நியமம் தமிழுக்குத் தனியிடம் அளித்ததனால் இக்குறைக்கு மருந்து கிடைத்தது. தமிழ்நாட்டில் 1999இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை நியமமாயிற்று. அது உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுத்தது. இலங்கையோ 2008இல் 1326ஆம் இலக்க நியமத்தை ஏற்றபோது தட்டச்சு மரபைச் சார்ந்த இரங்கநாதன் அமைப்பைத் தெரிந்தது. இவ்வாறாகப் பாமினிப் பழக்கம், தமிழ்99, இரங்கநாதன் அமைப்பு என மூவகை விரற்பழக்கங்கள் இந்நாட்டுத் தமிழரிடையே அருகருகே வாழ்கின்றன. ஒன்றிற் பயின்றவர் மற்றொன்றில் தடுமாறுவார். தமிழெழுத்துப் பொறித்த பலகை ஒன்றைக் கடையிற் கண்டு வாங்குபவர், அவ்வெழுத்துகள் எவ்வமைப்பைச் சார்ந்தவை எனக் கேளாராயின், பழம்பலகை சேர்ப்பவரின் அதே பிழையையே செய்தவராவார்.

முடிபு

பிழையான ஆளியுள்ள பழம்பலகையை வாங்கியவர் அதனை விற்கலாம். ஆளிகளைப் பற்றாசு நீக்கி மாற்றலாம். அன்றேல் அதற்கே பழகிக்கொள்ளலாம். அவருடைய இழப்புப் பணமும் சில நாட்களுமே. ஊவாத் தோட்டப்புறத்தின் மூன்றாமவருக்கு இவ்வழிகள் எவையும் இருந்ததில்லை. ஆங்கிலப் பொறியையும் அதன்பின் சிங்களப் பொறியையும் தெரிந்தவர் அவரல்லர்; அவற்றின்முன் அமர்ந்தவரும் அவரல்லர்; அவற்றிலிருந்து வெளிவந்த பெயருக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்மட்டும் அவரே.

கருவிகளின் வரலாற்றை ஆக்கியோரின் வரலாறாக எழுதுவது வழக்கம். சோல்சும் முத்தையாவும் அதில் இடம்பெறுதல் முறையே. ஆயினும் வாங்கியோரின் வரலாறும், வாங்கப்பட்டதன் விளைவைச் சுமந்தோரின் வரலாறும் எழுதப்பட்டாலன்றி அது முழுமை பெறாது. மலையகத்தின் செக்றோல்களும் பிரசாவுரிமைக் கோவைகளும் பிறப்புப் பதிவேடுகளும் இந்நோக்கில் மீளப் படிக்கப்பட வேண்டியவை. ஒரே குடும்பத்தின் பெயர் எத்தனை வரிவடிவங்களிற் காணப்படுகின்றது என்பதே தனியோர் ஆய்வுக்குரிய பொருளாகும்.

நடைமுறைக்குரிய சிறு வழியொன்றும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும். இருமொழிப் பிரிவுகளின் அலுவலகங்கள் விசைப்பலகையும் மென்பொருளும் வாங்கும்போது தமிழில் தட்டுபவரை அருகில் வைத்துக்கொண்டே வாங்குதல் வேண்டும். 'தமிழ் உண்டா?' என்னும் வினாவோடு நிறுத்தாது, பழனி, வள்ளியம்மை, ஆறுமுகம், இராக்காயி என நாலு பெயர்களை அங்கேயே தட்டிப் பார்த்து, அவற்றை மற்றொரு கணினியிலும் திறந்து படித்து, அச்சிட்டுக் கண்ட பின்னரே பணத்தைச் செலுத்துதல் வேண்டும். அதற்குச் செலவாகும் நேரம் கால்மணிதான். அந்தக் கால்மணி செலவிடப்படாமையால் பசறையிலும் நமுனுகுலையிலும் இழக்கப்படும் பேர்களை எண்ணிப்பார்ப்பின், அது பெரிய விலையன்று.